கூடி வந்த குடும்பம் எங்கே குடியிருக்கும்? நெல்லைச் சீமையில் ஒரு காதல் நாவலுக்கான களங்கள்

சொந்த வீடு கைவிட்டுப் போன ஒரு பெண், அவளுக்குச் சோறு போட்டு வைத்துக்கொள்ளும் அந்நியர்கள், அவர்களுக்கு நடுவே ஒரு பையன். இளையோருக்கான காதல் நாவல் எழுத உட்காருகிற பலர் கையில் இந்தக் கதைதான் இருக்கிறது. கதை எங்கே நடக்கிறது என்பதை மட்டும் கடைசிக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். திருநெல்வேலிப் பக்கம் கதையை வைப்பதென்றால் களம்தான் முதலில் முடிவாக வேண்டும். அதற்குக் காரணம் உறவுமுறை.

நம் பக்கத்தில் அந்நியர் உறவாவது கூப்பிடுகிற பேரில் தொடங்குகிறது. சோறு போடுகிற அம்மாளை அந்தப் பெண் 'சித்தி' என்று கூப்பிட்டுவிட்டால் அவர் மகன் அவளுக்கு அண்ணனோ தம்பியோ ஆகிவிடுவான். பிறகு அவன்மேல் ஆசைப்பட்டால் நெல்லை வாசகர் புத்தகத்தை மூடி வைத்துவிடுவார். 'அத்தை' என்று கூப்பிட்டால் அவன் முறைப்பையன். மூன்றாவது அத்தியாயத்திலேயே தெரு முழுக்கக் கல்யாணம் பேசிவிடும், மீதி நாவலுக்கு வேலை இருக்காது. ஆக, குடும்பம் சேரச் சேரக் காதலுக்கு இடம் சுருங்குகிறது. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் இடம் தருகிற களம் எது என்பதுதான் கேள்வி. பெண் உள்ளே உறவாக வேண்டும். பையன் அந்த முறைக்கு வெளியே நின்றபடி, தினமும் வந்துபோக வேலைக் காரணம் உள்ளவனாக இருக்க வேண்டும்.

இதோடு இன்னும் இரண்டைப் பார்க்க வேண்டும். அந்நியப் பெண் ஒருத்தி அங்கே தங்குவதற்கு ஊர் நம்பும்படியான காரணம் உண்டா? அங்கே நடக்கும் வேலைக்கு ஒரு பருவம், ஒரு தொடக்கம், ஒரு முடிவு உண்டா? மனம் தேறுவதை வசனத்தில் காட்ட முடியாது. முதல் வாரம் கைக்கு வராத வேலை பத்தாவது வாரம் கைக்கு வருவதில்தான் காட்ட முடியும்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுகிற இரண்டு இடங்களை உடனே ஒதுக்கிவிடலாம். குற்றாலம் கண்ணுக்கு அழகு. ஆனால் சாரல் காலத்தில் அங்கே வருகிறவர்கள் இரண்டு நாள் குளித்துவிட்டுப் போகிறவர்கள். தங்கி உறவாகிறவர்கள் குறைவு, இரைச்சல் அதிகம். அல்வாக் கடையும் அப்படித்தான். கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பால் எடுத்து, பால் தெளிந்ததும் மேல்நீரை இறுத்துவிட்டுப் பாகோடு கிண்டுகிற வேலை நல்ல காட்சிதான். ஆனால் பெரிய கடைகளில் அந்த அடுப்படி முழுக்க ஆண்கள் நிற்கிற இடம். கதாநாயகியை அங்கே நிறுத்தவே பாதி நாவல் செலவாகும். மிச்சம் நிற்பவை நான்கு களங்கள்.

பாளையங்கோட்டை பெண்கள் விடுதி

அந்நியர்கள் ஒரே கூரையின் கீழ் வாழ இதைவிட இயல்பான காரணம் கிடையாது. கல்லூரிகள் நிறைந்த ஊர். சாரா டக்கர், சேவியர், ஜான்ஸ் எல்லாம் நடந்துபோகிற தூரத்தில். வள்ளியூர், சங்கரன்கோவில், அம்பாசமுத்திரம் என்று எல்லாப் பக்கத்துப் பிள்ளைகளும் ஓர் அறையில் நாலு பேராக இருப்பார்கள். யாரும் யாரையும் சந்தேகமாகப் பார்க்க மாட்டார்கள்.

விடுதியின் பலம் வெள்ளிக்கிழமை சாயங்காலம். பையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்துக்குக் கிளம்பிய பிறகு, போக வீடில்லாதவள் ஒருத்தி மட்டும் அறையில் இருப்பாள். அவளோடு மெஸ் சமைக்கிற அம்மாளும் காவலாளியும் இன்னும் ஓரிருவரும். குடும்பம் அந்தச் சனி, ஞாயிறுகளில்தான் உருவாகும். திங்கள் முதல் வெள்ளி வரை அதை எழுத முயன்றால் கல்லூரிக் கதையாகத் திரிந்துவிடும்.

முறைச் சிக்கல் இங்கே இல்லை. உள்ளே எல்லோரும் அக்கா, தங்கச்சி. பையன் கேட்டுக்கு வெளியே. பலவீனமும் அதுதான். விடுதி வாசலுக்குள் அவன் வர முடியாது. யார் யார் வந்து பார்க்கலாம் என்று வீட்டார் எழுதிக்கொடுத்த பெயர்கள்தான் பதிவேட்டில் இருக்கும். ஆகவே காதல் மாவட்ட மைய நூலகத்திலோ, கொக்கிரகுளம் அறிவியல் மையத்திலோ, 1843-ல் கட்டிய சுலோசன முதலியார் பாலத்து நடைபாதையிலோ நடக்கும். குடும்பம் விடுதிக்குள் நடக்கும். இரண்டும் சந்திப்பதே இல்லை. சேர்த்து வைக்க ஒரே வழி, உள்ளே வர வேலை உள்ளவனாகப் பையனை வைப்பது. மெஸ்ஸுக்குக் காய்கறி இறக்குகிறவனாக இருக்கலாம், இன்வெர்ட்டர் பார்க்க வருகிறவனாக இருக்கலாம். அப்போதும் மெஸ் அம்மாளின் மகனாக மட்டும் அவனை வைக்காதீர்கள். மறுபடி முறைச் சுழலில் விழுவீர்கள்.

பத்தமடை, பாய் நெய்கிற வீடு

சேரன்மகாதேவிக்கு அருகே உள்ள ஊர். தாமிரபரணிக் கரைக் கோரையைப் பச்சையாக அறுத்து, கீறி, காயவைத்து, பிறகு ஓடும் தண்ணீரில் ஒரு வாரம் ஊறப்போடுவார்கள். ஊறிய கோரை மூன்று மடங்கு பருக்கும். அதை மறுபடி காயவைத்த பின்தான் தறிக்குப் போகும். தேங்கிய தண்ணீரில் போட்டாலோ, நாள் தப்பினாலோ கோரை அழுகிப் புள்ளி விழும், சாயம் பிடிக்காது. பாவுக்கு, அதாவது நீளவாக்கில் ஓடும் இழைக்கு, பருத்தி நூல். பாவு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு உயர்ந்த ரகம். பாவு எண்ணிக்கை 100 முதல் 140 வரை போவது பட்டுப்பாய். மடித்தால் துணிபோல மடியும், ஒரு பாய் முடிய வாரக்கணக்கு ஆகும். 1953-ல் இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டுக்கு இங்கிருந்து பாய் போனதை ஊரில் எல்லோரும் சொல்வார்கள். நாவலுக்கு அது வேண்டாம்.

வேண்டியது கல்யாணப் பாய். மணமக்கள் பெயரை நெசவிலேயே இழைத்துத் தருகிற வழக்கம் இங்கே உண்டு. யாரோ முன்பின் தெரியாத இரண்டு பேரின் பெயரை ஒரு பெண் எழுத்து எழுத்தாக நெய்துகொண்டிருக்கிறாள். அவள் பிறந்த வீட்டில் கல்யாணம் என்றாலே சண்டையும் அடியும்தான். காதலைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரிகூட எழுதாமல் காட்டக்கூடிய இடம் இது. காதல் முன்னே நிற்க வேண்டிய நாவலென்றால் நான்கில் பத்தமடைதான் முதலிடம்.

சாதாரணப் பாயை இரண்டு பேராக உட்கார்ந்து நெய்யலாம். ஒருவர் நீளக் குச்சியில் கோரையைக் கோத்துப் பாவுக்குள் நுழைப்பார்; மற்றவர் கோரையை நெருக்குகிற அச்சை இழுத்து அடிப்பார். புதிதாக வந்தவளைக் குச்சிப் பக்கம் உட்கார வைப்பதுதான் வழி. கோரையின் அடியும் நுனியும் ஒரே பருமன் கிடையாது. மாற்றி மாற்றிக் கோக்காவிட்டால் பாய் ஒரு பக்கம் தடித்துக் கோணலாகும். முதல் பாய் கோணலாகத்தான் வரும், அது விற்காது, வீட்டிலேயே விரிப்பார்கள். அந்தப் பாயில்தான் அவள் கடைசி வரை படுப்பாள்.

நெசவாளர் வீடுகள் பெரும்பாலும் முஸ்லிம் வீடுகள். இதை எழுதுகிறவர் வாப்பா, உம்மா, சாச்சி, லாத்தா என்று எந்த வயதுக்கு எந்தப் பேர் என்பதை அந்த வீடுகளில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் தொடங்கக் கூடாது. வேறு மதத்துப் பெண் அந்த வீட்டில் ஏன் தங்குகிறாள் என்பதற்கும் அழுத்தமான காரணம் வேண்டும். அம்மாவோடு ஒரே பள்ளியில் படித்த தோழியின் வீடு என்பது போதும். தாயின் சிநேகிதி என்ற உறவை நம் ஊர் மதம் பார்க்காமல் மதிக்கும். பையன் யார்? சாயம், நூல் கொண்டுவந்து பாய் வாங்கிப்போகிற கூட்டுறவுச் சங்கத்துப் பையனாக வைக்கலாம். வாரம் ஒருமுறைதான் வருவான், அதுதான் குறை. காதலுக்குக் காத்திருப்பு நல்லது. ஆனால் இருபது அத்தியாயத்துக்கு இருபது வருகை என்றால் கதையில் ஐந்து மாதம் ஓடியாக வேண்டும்.

தேரிப் பனங்காடு, விடிலி

சாத்தான்குளம், உடன்குடி, காயாமொழிச் செம்மணல் தேரி. இன்று தூத்துக்குடி மாவட்டம். பேச்சிலும் சாப்பாட்டிலும் நெல்லைச் சீமைதான். பங்குனியிலிருந்து ஆவணி வரை பனங்காட்டுக்குள் ஓலையால் விடிலி என்கிற குடிசை போட்டு, அங்கேயே தங்கிப் பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுவார்கள். நாவலுக்கு இது ஏன் வளமானது என்பதை வேலையின் வரிசையிலேயே சொல்ல வேண்டும்.

பனையேறுகிறவர் கால் வைத்து ஏற முருக்குத்தடியைச் சாய்த்து, காலில் தளைநார் போட்டு விடியுமுன்னே ஏறுவார். இடுப்பில் அரிவாள் வைக்கிற அருவாப்பெட்டி. பாளையைக் கடிப்பு என்கிற இடுக்கியால் இடுக்கிப் பதப்படுத்தி, நுனியை மெல்லிசாகச் சீவி, கலயம் கட்டுவார். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவ வேண்டும். முப்பது நாற்பது பனை, காலையும் மாலையும். ஒரு நாள் சீவாமல் விட்டால் பாளை வாய் அடைத்துக்கொள்ளும், சுரப்பு குறையும். ஆகவே துக்கமானாலும் காய்ச்சலானாலும் வேலை நிற்காது. மனம் உடைந்து கிடப்பவளைப் பார்த்து யாரும் 'எழுந்திரு' என்று சொல்ல வேண்டியதில்லை. பதநீர் இறங்கிவிட்டது, அடுப்பு மூட்டியாக வேண்டும்.

சுண்ணாம்புக் கணக்கு முக்கியம். குறைந்தால் பதநீர் புளித்துக் கள்ளாகும். தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருப்பதால் அது ருசியோடு நிற்கிற தவறல்ல, போலீஸ் வரை போகும். கூடினால் கருப்பட்டி கறுத்து, சுண்ணாம்பு ருசி ஏறி, விலை விழும். கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவுகிற வேலையைக் கதாநாயகிக்குக் கொடுங்கள். அவள் கவனம் சிதறுகிற நாளில் எல்லோர் பிழைப்பும் ஆடும். அவர்கள் அவளை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் அது குடும்பமா இல்லையா என்று தெரியும்.

காய்ச்சுவது பெண்கள் வேலை. பதநீரைப் பன்னாடையில் வடிகட்டிப் பானையில் ஊற்றி, ஓலை, மட்டை, உடைமுள் விறகு வைத்து எரிப்பார்கள். பொங்கி வழியாமல் இருக்க ஆமணக்கு விதையைத் தட்டிப் போடுவார்கள். மணிக்கணக்கில் கிண்டினால் கூப்பனி என்கிற பாகுப் பதம் வரும். அதைத் தாண்டி, துளியைத் தண்ணீரில் விட்டால் கரையாமல் உருளுகிற பதத்தில் இறக்கி, நனைத்து வைத்த சிரட்டைகளில் ஊற்றுவார்கள். சிரட்டை நனையாவிட்டால் கருப்பட்டி வட்டு கழன்று வராது. பதம் முந்தி இறக்கினால் இளகும், பிந்தினால் பானையிலேயே தீய்ந்து கசக்கும். பத்து லிட்டர் பதநீருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேலே கருப்பட்டி நிற்கும். ஒரு வட்டுக்கு எத்தனை பனை, எத்தனை ஏற்றம் என்று கணக்குப் போட்டால், அவள் கையில் காய்ச்சுகிற அம்மாள் வைக்கிற முதல் துண்டின் கனம் வாசகருக்குத் தெரியும்.

முறை இங்கே சிக்கலில்லாமல் அமைகிறது. ஏறுகிறவர் மாமா, காய்ச்சுகிறவர் அத்தை. அவர்களுக்கு மகன் வேண்டாம். மகள் கட்டிக்கொடுத்த ஊரில் இருக்கட்டும். பையன், விடியற்காலை மொபெட்டில் வந்து பதநீரை எடுத்துப்போய் ரோட்டோரம் விற்கிறவன். வெயில் ஏறினால் பதநீர் கெடும் என்பதால் அவன் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்க முடியாது. தினமும் வருவான், தினமும் கிளம்பியாக வேண்டும். காதல் காட்சியின் நீளத்தைப் பதநீரே அளந்து கொடுக்கிறது. அவன் வேலை பார்ப்பது கருப்பட்டி வியாபாரி அண்ணாச்சியிடம் என்று வைத்தால் மோதலும் வந்துவிடும். பருவத்துக்கு முன்பே வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, கருப்பட்டியை அவர் சொன்ன விலைக்குக் கொடுத்துக் கழிப்பது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். அவள் குடும்பம் கடன்பட்டவர் பக்கம், அவன் கடன் கொடுத்தவர் பக்கம்.

எல்லாவற்றுக்கும் மேலே, ஆவணியில் விடிலியைப் பிரித்துவிடுவார்கள். கூடி வந்த குடும்பம் கலைகிற நாள் முதல் பக்கத்திலேயே எல்லோருக்கும் தெரியும். மற்ற மூன்று களங்களிலும் இந்த நெருக்கடியை எழுத்தாளர்தான் செயற்கையாக உண்டாக்க வேண்டும்.

கஷ்டமான இடம் தொடக்கம். பட்டணத்துப் பெண் ஒருத்தி மனம் தேற 'கிராமத்துக்கு' வருகிறாள் என்று எழுதினால் பனங்காடு வைத்தியசாலை ஆகிவிடும், அங்கே உழைக்கிறவர்கள் பணிவிடைக்காரர்கள் ஆகிவிடுவார்கள். பெண் பக்கத்து ஊர்க்காரியாகவே இருக்கட்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழையும், தாமிரபரணிக் கரை ஊர்களில் புகுந்த வெள்ளமும் பலருக்கு வீட்டையும் சான்றிதழ்களையும் ஆட்களையும் இல்லாமலாக்கின. ஏரல் பக்கத்தில் தாயை இழந்த பெண், பங்குனியில் தாய்க்குத் தெரிந்தவர்கள் விடிலிக்கு வருவதை யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

கூந்தன்குளம்

நாங்குநேரி வட்டத்தில், 1994-ல் சரணாலயமாகி, பிறகு ராம்சார் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்த குளம். குளத்தில் மட்டுமில்லாமல் தெருவுக்குள் வீட்டு மரங்களிலேயே கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கூடு கட்டும். பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளுக்கு மீன் கொடுத்துத் தேற்றி விடுவது இங்கே நடக்கிற வேலை. ஊர் முழுக்கவே ஒரு குடும்பமாக வரும் நாவலுக்கு இது பொருந்தும். நாரைக் குஞ்சு பொரித்ததிலிருந்து பறக்க ஏறத்தாழ இரண்டு மாதம். கதைக்கு நல்ல அளவு.

ஆனால் இரண்டு எச்சரிக்கை. காட்டுப் பறவையை வீட்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். குஞ்சை அவள் அறையில் அட்டைப்பெட்டியில் வைத்துக்கொள்வதாக எழுதினால் தப்பு. வனத்துறையின் பொறுப்பில், அவர்களுக்கு ஒத்தாசையாகத்தான் எழுத வேண்டும். இரண்டாவது பெரிது: சிறகொடிந்த குஞ்சும் மனமொடிந்த பெண்ணும் ஒரே பக்கத்தில் நின்றால் வாசகருக்கு முடிவு அப்போதே தெரிந்துவிடும். இந்தக் களத்தை எடுப்பவர், அவள் பார்த்துக்கொள்கிற குஞ்சுகளில் பல செத்துப்போவதையும் எழுதத் துணிய வேண்டும். மணிமுத்தாற்றுத் தண்ணீர் வராமல் குளம் வற்றிய வருஷத்தில் பறவையே வராது என்பதையும் மறக்கக் கூடாது.

எந்தக் களத்திலும் தப்ப முடியாதவை

'நீ எந்த ஊரு, எந்தத் தெரு?' என்று நெல்லையில் கேட்டால் கேட்பது சாதி. கதாநாயகியிடம் யாருமே இதைக் கேட்கவில்லையென்றால் அந்த நாவல் வேறெங்கோ நடக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு அமைத்த குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் சாதி அடையாளமாகக் கையில் கட்டுகிற வண்ணக் கயிறுகள்கூட அதில் பேசப்பட்டன. பதினெட்டு வயதுப் பிள்ளைகளின் காதலை இந்த மண்ணில் எழுதுகிறவர் அந்தக் கயிற்றைப் பார்க்காமல் பையனின் கையை வர்ணிக்க முடியாது. விடிலியிலும் பத்தமடையிலும் இந்தக் கேள்வி முதல் வாரமே வரும், விடுதியில் தாமதமாக வரும். தாமதமாக வருகிற இடத்தில் அதை எழுதாமலே விட்டுவிடும் ஆசையும் அதிகம்.

வயதும் அப்படித்தான். பதினெட்டு நிறையாதவரை பாலியல் நெருக்கத்துக்குச் சம்மதம் என்பதைப் போக்சோ சட்டம் ஏற்காது. பிளஸ் டூ முடித்து, பதினெட்டு நிறைந்த பிறகு கதையைத் தொடங்குவது நல்லது. மே மாதம் தேர்வு முடிவு, ஜூனில் கல்லூரி. விடிலியின் நடுப்பருவத்திலேயே அவள் போவாளா இருப்பாளா என்ற கேள்வி தானாக விழும்.

மனம் தேறுவதைக் காதல் தலையில் கட்டாதீர்கள். அவளுக்கு உறக்கம் போய், சோறு இறங்காமல் வாரக்கணக்கில் நீடித்தால் அத்தை அவளை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போகட்டும். இரவில் அவள் அரசின் மனநல உதவி எண் 14416-ஐ அழைக்கட்டும். அந்த இலவச எண்ணில் தமிழில் பேசுவார்கள். மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். மறு அத்தியாயத்தில் சிரிக்க வைக்காதீர்கள். பையன் வந்துவிட்டான் என்று மாத்திரையை நிறுத்துகிற காட்சியை எழுதினால், அடுத்து அவள் சரிவதையும் எழுதியாக வேண்டும்.

எதை எடுப்பது

பெண்ணின் காயம் அவள் பிறந்த வீட்டால் வந்ததென்றால் பாளையங்கோட்டை விடுதி. வெள்ளிக்கிழமைகளை அது தானாகவே தரும். காதலைக் கண்டு பயப்படுகிறவள் என்றால் பத்தமடை. கதாநாயகியைவிட ஊர் பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் கூந்தன்குளம், முதல் நாவலுக்கு மட்டும் வேண்டாம். காயம் ஒரு சாவு என்றால் தயங்காமல் விடிலி. என் தேர்வும் அதுதான். அடுப்பும் கலயமும் அவளை எழுப்புகின்றன, காலைக் கால் மணி நேரம் காதலுக்கு ஒதுங்குகிறது, ஆவணி கதையை முடித்து வைக்கிறது.

விடிலியை எடுத்தவர்கள் ஏறத்தாழ இருபத்துநான்கு அத்தியாயம், அத்தியாயத்துக்கு இரண்டாயிரம் சொல் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் நான்கில் அவள் யாரையும் உறவு சொல்லிக் கூப்பிட வேண்டாம். 'ஏங்க', 'இந்தாங்க' போதும். 'அத்தை' என்ற சொல் ஏழாவது அத்தியாயத்துக்கு முன் வரக் கூடாது, அதுவும் சுண்ணாம்பு தவறிய நாளுக்குப் பிறகு. பையனுக்குக் கடைசி வரை உறவுப் பேர் வேண்டாம். எழுதுவதற்கு முன் பங்குனியில் ஒரு முறையும் ஆடியில் ஒரு முறையும் தேரிக்குப் போய், விடியுமுன் இறங்குகிற பதநீரிலிருந்து சிரட்டை கவிழ்க்கிற வரை முழு வேலையையும் பாருங்கள். பங்குனியில் பாளை பழக்குகிற வேலை தெரியும். ஆடியில் காற்றும் தூறலும் வந்து பனை வழுக்கும்போது மாமா ஏறுவதை அத்தை கீழே நின்று எப்படிப் பார்க்கிறார் என்பது தெரியும்.